காற்று எங்கே போகிறது?

1893 ஆகஸ்ட் 10 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து இயந்திரத் தொழிற்சாலையில், ருடால்ஃப் டீசல் தம் முதல் என்ஜினுக்குள் எரிபொருளைச் செலுத்திப் பார்த்தார். தானாக ஓடும் நிலைக்கு அது இன்னும் வந்திருக்கவில்லை. தொழிற்சாலையின் சுழல்தண்டிலிருந்து வந்த பட்டைதான் அதைச் சுற்றிக்கொண்டிருந்தது. எரிபொருள் உள்ளே போன கணத்தில் பலத்த வெடிப்பு. சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கப் பொருத்தியிருந்த கருவி உடைந்து தெறித்தது. ஆனாலும் டீசலுக்கு அது வெற்றிதான். தீப்பொறி எதுவும் வேண்டாம், அழுத்திய காற்றின் சூடே எரிபொருளைப் பற்றவைக்கும் என்று அவர் காகிதத்தில் எழுதியிருந்தது இரும்பிலும் நடந்துவிட்டது.

பெட்ரோல் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் உண்டு. கம்ப்ரஷன் கொஞ்சம் குறைந்தாலும் பொறி தன் வேலையைச் செய்துவிடும். வண்டி இழுவை குறைந்தாவது ஓடும். டீசலுக்கு அந்தச் சலுகை கிடையாது. காற்றை அழுத்துவதுதான் அதன் பற்றவைப்பு. காற்று கசிந்தால் நெருப்பே பிறக்காது. அதனால்தான் பட்டறையில் “கம்ப்ரஷன் போயிடுச்சு, என்ஜினை இறக்கணும்” என்று சொன்னால் பழைய டீசல் கார் வைத்திருப்பவருக்கு வயிறு கலங்குகிறது. அந்தத் தீர்ப்பு சில நேரம் சரி. பல நேரம் அவசரம். காற்று கசிகிறது என்று மட்டும் சொன்னால் பாதி பதில்தான். எந்த வழியாகக் கசிகிறது என்று சொல்ல வேண்டும். வால்வு வழியாகவா, ரிங் வழியாகவா, ஹெட் கேஸ்கெட் வழியாகவா என்பதைப் பொறுத்து செலவு ஒரு மாலை நேர வேலையில் முடியலாம், என்ஜின் விலையைத் தொடவும் செய்யலாம். என்ஜினைப் பிரிக்காமலேயே அந்த வழியைக் கண்டுபிடிக்க முடியும். இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

பேசுவதற்கு ஒரு குறிப்பிட்ட என்ஜினை எடுத்துக்கொள்வோம். மெர்சிடஸ் பென்ஸின் ஓ.எம்.616, 1973இல் 240டி காரில் வந்தது. நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர், தொடக்கத்தில் 65 குதிரைத்திறன். 1976இல் தொடங்கிய டபிள்யூ123 வரிசையிலும் இதே என்ஜின் தொடர்ந்தது. அந்த வரிசையில் மட்டும் எல்லா வகையும் சேர்த்து சுமார் 27 லட்சம் கார்கள் செய்யப்பட்டன. ஜெர்மனியின் டாக்சி நிலையங்களில் உழைத்த பின், மொராக்கோவில் ஊருக்கு ஊர் ஆறு பயணிகளை அடைத்துக்கொண்டு ஓடும் கிராண்ட் டாக்சிகளாகவும் இவை பல்லாண்டு காலம் வாழ்ந்தன. கிரிகோரியோஸ் சாசினிடிஸ் என்ற கிரேக்க டாக்சி ஓட்டுநரின் 240டி 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, இப்போது மெர்சிடஸின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஒரே என்ஜினில் அந்தத் தூரம் ஓடவில்லை; அவர் பலமுறை என்ஜினை மாற்றியிருக்கிறார். நமக்கும் இந்த என்ஜின் அந்நியமில்லை. பஜாஜ் டெம்போ நிறுவனம் உரிமம் பெற்று இதை இந்தியாவில் தயாரித்தது. டிராக்ஸ் ஜீப்பிலும், 1987இல் வந்த டெம்போ டிராவலர் வேனிலும் இருந்தது இந்தக் குடும்பத்து என்ஜின்தான். பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ வேன் பிடித்துப் போன எத்தனையோ குடும்பங்கள் அதன் சத்தத்தில் தூங்கியிருக்கின்றன.

இந்த என்ஜினின் ஒரு சிலிண்டருக்கு 600 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. அழுத்த விகிதம் 21க்கு 1. கணக்குப் போட்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் வெறும் 30 கன சென்டிமீட்டர். இந்த 30ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் தேவைப்படும். இவ்வளவு சின்ன இடத்துக்குள் காற்றை வேகமாகத் திணித்தால் அது சூடாகும். தென்கிழக்காசியாவில் இதை வைத்தே நெருப்பு மூட்டினார்கள்: கொம்பிலோ மரத்திலோ செய்த சிறு குழாய், அதற்குள் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் கொஞ்சம் பஞ்சு. ஓங்கி ஒரு தட்டு தட்டி வெளியே எடுத்தால் பஞ்சில் கனல் இருக்கும். அந்தக் குழாயிலும் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தவை இரண்டு விஷயங்கள்: தண்டு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது, எவ்வளவு வேகமாகத் தட்டுகிறோம்.

30 டிகிரி காற்றை இழப்பே இல்லாமல் 21 மடங்கு அழுத்தினால் சுமார் 750 டிகிரி செல்சியஸ் வரும் என்பது பாடநூல் கணக்கு. செல்ப் மோட்டார் சுற்றும்போது அது கிட்டாது. சிலிண்டர் சுவர் குளிர்ந்திருக்கிறது, சூட்டை உறிஞ்சுகிறது. ரிங் இடுக்கில் கொஞ்சம் காற்று நழுவுகிறது. இழப்பையெல்லாம் கழித்து, காற்றின் வெப்பநிலை கெல்வின் கணக்கில் இரண்டரை மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி காலையில் சுமார் 485 டிகிரி வரும். ஜெர்மனியின் ஜனவரியில், மைனஸ் 10இல், சுமார் 385தான். நூறு டிகிரி வித்தியாசம். அட்டவணைகளில் டீசல் தானே பற்றிக்கொள்ளும் வெப்பநிலை 210 டிகிரி அளவில் போட்டிருக்கும். அது நிதானமாகச் சூடேற்றும்போது. தூவிய துளி ஆவியாகிக் காற்றோடு கலந்து சில மில்லி விநாடிகளுக்குள் பற்ற வேண்டுமென்றால் ஏறத்தாழ இரு மடங்கு சூடு வேண்டும். ஸ்டுட்கார்ட்டின் குளிரில் எழுந்திருக்க மறுக்கும் தேய்ந்த என்ஜின் காசாபிளாங்காவின் காலையில் எழுந்துவிடுவது இதனால்தான். நம் ஊர் வெயிலிலும் அப்படியே. வெயில் நோயைக் குணமாக்குவதில்லை, மறைத்து வைக்கிறது.

வேகத்தின் கதை இன்னும் சுவையானது. செல்ப் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றுகிறது என்றால், ஒரு முறை காற்றை அழுத்தி முடிக்க 0.15 விநாடி ஆகிறது. ஐடிலில் 750 சுற்றில் 0.04 விநாடி. நெடுஞ்சாலையில் 3,000 சுற்றில் நூறில் ஒரு பங்கு விநாடி. கசியும் துளை அதேதான், கசிய நேரம்தான் பதினைந்தில் ஒன்றாகிவிடுகிறது. ஆகவே கம்ப்ரஷன் குறைந்த டீசல் ஒரு விசித்திரமான குணத்தைக் காட்டும்: காலையில் படாத பாடு படுத்தும், ஒருமுறை பிடித்துச் சூடேறிவிட்டால் எதுவும் நடக்காததுபோல் மேடு ஏறும். “ஓடும்போது நல்லாத்தானே ஓடுது” என்று உரிமையாளர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது என்ஜினுக்கு நற்சான்றும் அல்ல.

ரிங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிஸ்டன் ரிங் தன் சொந்த ஸ்பிரிங் விசையால்தான் சிலிண்டர் சுவரை அழுத்திப் பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விசை சிறியது. ரிங்குக்கும் அது உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்கும் இடையில் அழுத்தமான காற்று புகுந்து, ரிங்கைப் பின்னாலிருந்து சுவரின் மேல் தள்ளுகிறது. அடைப்பின் பெரும்பங்கு இந்தத் தள்ளலால்தான் கிடைக்கிறது. உள்ளே அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும். என்னைப் பொறுத்தவரை, மொத்த என்ஜினிலும் மிக அழகான ஏற்பாடு இதுதான். இதன் மறுபக்கம்: அழுத்தம் குறைவாக இருக்கும் நேரத்தில், அதாவது செல்ப் சுற்றும் முதல் சில சுற்றுகளில், ரிங் தன் சொந்த ஸ்பிரிங்கை மட்டுமே நம்பியிருக்கிறது. வயதான ரிங் தோற்பது அங்கேதான். அந்தப் பள்ளத்தில் கார்பன் அடைத்துக்கொண்டால் பின்னாலிருந்து தள்ளும் வழியும் மூடிவிடும்.

இனி பட்டறைக்குப் போவோம். அறிகுறிகள் தெரிந்தவைதான். காலையில் செல்ப் நீண்ட நேரம் அடிக்க வேண்டியிருக்கிறது. பிடித்ததும் மிஸ்ஸிங், ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் வண்டி குலுங்குகிறது. கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை, பச்சை டீசல் வாடையோடு: உள்ளே போன எரிபொருள் பற்றாமல் ஆவியாக வெளியே வருகிறது. புகை நீலமென்றால் ஆயில் எரிகிறது. கறுப்பென்றால் எரிபொருளுக்குப் போதிய காற்று இல்லை; அது பெரும்பாலும் வேறு கதை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளேயிருந்து குப்குப்பென்று காற்று அடிக்கும். மெக்கானிக்குகள் இதை ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். ஆனால் இந்த அறிகுறிகளில் பாதி, கம்ப்ரஷனில் எந்தக் குறையும் இல்லாத என்ஜினிலும் வரும். சிலிண்டரை முன்கூட்டியே சூடேற்றும் ஹீட்டர் பிளக் ஒன்று எரிந்துபோயிருந்தால் அந்தச் சிலிண்டர் காலையில் பற்றாது. பேட்டரி தளர்ந்திருந்தால் செல்ப் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் என்ன ஆகும் என்று இப்போதுதான் பார்த்தோம். டீசல் குழாயில் ஏர் லாக், அடைத்த ஃபில்டர், சொட்டும் இன்ஜெக்டர் ஆகியவற்றாலும் அதே குலுக்கலும் அதே புகையும் வரும். முதலில் இவற்றை விலக்க வேண்டும். இந்த வகை என்ஜினுக்கு ஹீட்டர் பிளக் அலங்காரமல்ல. புரோஸ்பர் லோராஞ் 1909இல் காப்புரிமை பெற்ற முன்னறை வடிவம் இதில் இருக்கிறது: டீசல் முதலில் ஒரு சிறு அறைக்குள் தூவப்பட்டு, அங்கே பற்றி, பிறகு சிலிண்டருக்குள் பாய்கிறது. ஓட்டம் மென்மையாக இருக்கும். ஆனால் அறையின் சுவர்கள் சூட்டை விழுங்கும். அதை ஈடுகட்டத்தான் 21 என்ற பெரிய விகிதமும் ஹீட்டர் பிளக்கும்.

எந்தச் சிலிண்டர் சோம்புகிறது என்று தெரிய ஒரு பழைய வழி உண்டு. ஐடிலில் ஓடும்போது இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்துவது. நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் ஓட்டம் தடுமாறும். எதைத் தளர்த்தியும் மாற்றமில்லையோ, அதுதான் ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர். அங்கே டீசல் நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வருகிறது. மெல்லிய பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கண்ணாடி, தடித்த கையுறை, மேலே ஒரு துணி, இவை இல்லாமல் கை வைக்கக் கூடாது. புதிய காமன் ரெயில் என்ஜின்களில் இதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும்.

அடுத்தது டேப்பெட். கம்ப்ரஷன் பார்க்கும் முன் டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள் என்று நான் யாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். பொதுவாக எதுவும் தேய்ந்தால் இடைவெளி கூடும்தானே? இங்கே தலைகீழ். வால்வும் அது உட்காரும் இருக்கையும் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறுகிறது, அதன் தண்டு கேம் பக்கமாக நகர்கிறது, இடைவெளி சுருங்குகிறது. ஓ.எம்.616இல் குளிர்ந்த நிலையில் இன்டேக் வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். யாரும் பல ஆண்டுகள் தொடாமல் விட்டால் அது பூஜ்யத்தை நெருங்கும். பிறகு சூடேறி நீளும் வால்வு முழுதாக மூடாது. அந்த இடுக்கில் சூடான வாயு பீறிட்டு வால்வின் விளிம்பையே எரித்துவிடும். எரிவதற்கு முன்னால் பிடித்துவிட்டால், ஒரு ஃபீலர் கேஜும் இரண்டு வளைந்த ஸ்பேனர்களும் போதும், போன கம்ப்ரஷன் திரும்பிவிடும். சத்தமில்லாமல் ஓடும் டேப்பெட் நல்ல டேப்பெட் என்ற எண்ணத்தால் கெட்டுப்போன என்ஜின்கள் பல. இந்த என்ஜினில் இறுகிய வால்வு சத்தமே போடாது.

இவ்வளவும் பார்த்த பிறகே கம்ப்ரஷன் கேஜ். என்ஜின் ஓடிச் சூடாக, 80 டிகிரி அளவில் இருக்க வேண்டும். நான்கு ஹீட்டர் பிளக்கையும் கழற்றிவிட வேண்டும், சோதிக்கும் சிலிண்டருடையதை மட்டும் அல்ல. அப்போதுதான் செல்ப் தடையின்றிச் சீராகச் சுற்றும். பம்ப்பின் நிறுத்தும் நெம்புகோலை அழுத்திப் பிடித்து, டீசல் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். கேஜை ஹீட்டர் பிளக் துளையிலோ இன்ஜெக்டர் துளையிலோ மாட்டலாம். இன்ஜெக்டரைக் கழற்றினால் அடியில் இருக்கும் வெப்பத் தடுப்பு வாஷரைப் புதிதாகப் போடாமல் திரும்ப மாட்டக் கூடாது. பழைய வாஷரே ஒரு புதுக் கசிவாகிவிடும். பெட்ரோல் வண்டிக்கு வைத்திருக்கும் கேஜ் இங்கே உதவாது. 40 பார் வரையாவது காட்டும் டீசல் கேஜ் வேண்டும்.

முள் ஏறி நிற்கும்வரை செல்ப் அடிக்க வேண்டும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில். முள் எங்கே நிற்கிறது என்பதைப் போலவே எப்படி ஏறுகிறது என்பதும் பேசும். நல்ல சிலிண்டரில் முதல் அழுத்தலிலேயே முள் பாதிக்கு மேல் தாவும். ரிங் தளர்ந்திருந்தால் முதல் தாவல் சிறியது, பிறகு படிப்படியாக ஏறும்: அழுத்தம் கூடும்போது ரிங் இறுகுகிறது என்று மேலே சொன்னதை முள்ளிலேயே பார்க்கலாம். வால்வோ கேஸ்கெட்டோ என்றால் பொதுவாக முள் கீழேயே தொடங்கி, கீழேயே நின்றுவிடும்.

இந்த என்ஜினுக்கு ஆரோக்கியமான அளவு 22 முதல் 24 பார். நம் பட்டறைக் கணக்கில் சுமார் 320 முதல் 350 பி.எஸ்.ஐ. கீழ் எல்லை 15 பார். சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபாடு 3 பாருக்கு மேல் போகக் கூடாது. மூன்றில் மிக முக்கியமானது கடைசி எண் என்பது என் கருத்து. நான்கும் 17 காட்டும் என்ஜின் சீராகத் தேய்ந்திருக்கிறது. காலையில் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் அமைதியாக இன்னும் பல ஆண்டுகள் ஓடலாம். 23, 22, 13, 23 என்று காட்டினால் மூன்றாவது சிலிண்டரில் குறிப்பிட்ட ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது, எரிந்திருக்கிறது அல்லது சிக்கியிருக்கிறது. 22, 14, 14, 23 என்றால் அடுத்தடுத்த இரண்டும் சேர்ந்து சரிந்திருக்கின்றன. அவற்றின் நடுவே ஹெட் கேஸ்கெட் ஊதியிருக்க நல்ல வாய்ப்பு. நான்கும் ஒன்றுபோல் குறைவாக இருந்தால் என்ஜினைப் பழிக்கும் முன் பேட்டரியையும் செல்ப்பையும் டைமிங் செயினையும் பார்க்க வேண்டும். செயின் நீண்டிருந்தால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும்.

ஊரின் உயரமும் கணக்கில் வரும். இதைப் பட்டறைகளில் அதிகம் பேசுவதில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. சென்னையில் 22 காட்டும் அதே சிலிண்டர் ஊட்டியில் சுமார் 17தான் காட்டும். மலையில் நிற்கும் வேனுக்குச் சமவெளியின் எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதினால், நோயில்லாத என்ஜின் அறுவைக்குப் போகும்.

அடுத்து வருவது ஆயில் சோதனை. பெட்ரோல் வண்டியில் கற்றுக்கொண்டு டீசலுக்கும் அப்படியே கொண்டுவந்த பழக்கம் இது. குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். ஆயில் ரிங் இடுக்கை அடைக்கும். முள் ஏறினால் குற்றம் ரிங்கினுடையது, ஏறாவிட்டால் வால்வினுடையது. பெட்ரோல் என்ஜினில் இந்தத் தர்க்கம் நிற்கும், ஏனென்றால் அங்கே மேலே மிஞ்சும் இடம் பெரியது. இங்கே மிஞ்சும் இடம் 30 கன சென்டிமீட்டர். அதில் 5 மில்லி ஆயில் விட்டால் மிஞ்சுவது 25. அழுத்த விகிதம் 21இலிருந்து 25 ஆகிவிடுகிறது. 10 மில்லி விட்டால் 31! ரிங்கில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் முள் ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்தைப் பார்த்து “ரிங் போச்சு” என்று சொன்னால், என்ஜின் செய்யாத குற்றத்துக்கு அபராதம் கட்டுவது வண்டிக்காரர். தாராளமாக ஊற்றிவிட்டால் இன்னும் மோசம். ஆயில் அழுங்காது, பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளையும். டீசலில் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டுமென்றால், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, நான்கு சிலிண்டருக்கும் சம அளவில் விட்டு, எது மற்றவற்றைவிட அதிகமாக ஏறுகிறது என்று ஒப்பிட வேண்டும். முடிந்ததும், பிளக்குகளை மாட்டும் முன் செல்ப் அடித்து ஆயிலை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதுவே எரிபொருளாக எரியும்.

இதைவிட நம்பகமான வழி, காற்றையே கேட்பது. சோதிக்க வேண்டிய சிலிண்டரின் பிஸ்டனை, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் சரியாக உச்சிக்குக் கொண்டுவந்து, ஹீட்டர் பிளக் துளை வழியாக வெளியிலிருந்து காற்றைச் செலுத்துவது. பஞ்சர் கடையில் இருக்கும் கம்ப்ரசர் போதும். பழைய ஹீட்டர் பிளக்கின் உள்ளீட்டை எடுத்துவிட்டு அதில் ஒரு ஹோஸ் முனையைப் பற்றவைத்துத் தரும் லேத் பட்டறை எந்த ஊரிலும் இருக்கும். பிறகு என்ஜினைச் சுற்றி நடந்து காதால் தேட வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சர் வாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் மூடியில் சீறினால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட், அல்லது ஹெட்டில் விரிசல். பக்கத்துச் சிலிண்டரின் துளையில் காற்று வந்தால் இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது. ஹெட்டில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல், காற்று போகும் வழி அத்தனையும் தெரிந்துவிடுகிறது. ஆயில் மூடியில் ஓரளவு சீறல் புதிய என்ஜினிலும் கேட்கும், ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு. அதனால் இங்கும் நான்கையும் ஒப்பிட்டே முடிவு.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தப் பிஸ்டனின் பரப்பு சுமார் 65 சதுர சென்டிமீட்டர். 7 பார் காற்றைத் திறந்துவிட்டால் அதன் தலையில் 450 கிலோவுக்கு மேல் விசை இறங்கும். பிஸ்டன் உச்சியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் என்ஜின் சட்டென்று சுழலும். கிராங்கில் மாட்டிய ஸ்பேனரை எடுத்துவிட்டு, ஃபேன் அருகே யாரும் இல்லையென்று பார்த்து, குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். கேட்பதற்கு 3 பாரே போதும்.

ரிங்தான் என்று தெரிந்தாலும் உடனே ரீபோர் என்று அர்த்தமில்லை. ரிங் தேய்வது ஒன்று, ரிங் சிக்கிக்கொள்வது வேறு. ஆண்டுக்கணக்கில் நின்ற கார், கடைத்தெருவுக்கு மட்டும் போய்வரும் கார், மணிக்கணக்கில் ஐடிலில் நின்று ஏ.சி. ஓட்டும் வேன், இவற்றில் பின்னாலிருந்து ரிங்கைத் தள்ளும் அழுத்தம் போதிய அளவு வருவதே இல்லை. வாயு நழுவிக் கீழே இறங்குகிறது, ஆயிலைச் சுவரில் சுட்டுப் படியவைக்கிறது. ஆயிலைப் பிடித்துவைக்கச் சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட மெல்லிய கோடுகள் மூடி, சுவர் கண்ணாடிபோல் பளபளக்கிறது. இப்படிப்பட்ட வண்டிக்கு முதல் வைத்தியம் புது ஆயிலும், சுமையோடு நீண்ட ஒரு நெடுஞ்சாலை ஓட்டமும்தான். ரிங் பகுதியில் கார்பன் கரைக்கும் திரவத்தை இரவெல்லாம் ஊறவைப்பதும் சில நேரம் உதவும். பாட்டில் மருந்துகளைவிட எனக்கு ஓட்டத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம். பிறகு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறியிருந்தால் ரிங் சிக்கித்தான் இருந்தது, ஏறாவிட்டால் தேய்மானம்.

தேய்மானத்துக்கு மருந்தில்லை. அதற்குப் பெரும்பாலும் காரணம் தூசி: கிழிந்த ஏர் ஃபில்டர், அல்லது ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே தளர்ந்துபோன ஒரு ரப்பர் குழாய். அந்த வழியாகப் போகும் மணல் ரிங்கையும் சுவரையும் சேர்த்து அரைத்துவிடும். சிலிண்டரின் மேற்பகுதியில், ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்வு அதிகம். ஹெட்டைக் கழற்றியதும் விரல் நகத்தால் தடவினாலே அங்கே ஒரு படி தட்டுப்படும். லேத்தில் போர் கேஜ் வைத்து மேலும் கீழும் அளந்து, தேய்வு எல்லையைத் தாண்டியிருந்தால் லைனரும் பிஸ்டனும் மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த நிலைக்கு வந்த என்ஜினைச் சீறும் ஸ்பிரே அடித்து எழுப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் இருக்கும் ஈத்தர் மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றும். ஹீட்டர் பிளக் கனன்றுகொண்டிருக்கும்போது அதை உள்ளே விட்டால், பிஸ்டன் மேலே வரும் வழியிலேயே வெடித்து, மிச்சமிருக்கும் ரிங்கையும் உடைத்துவிடும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் டீசல் வண்டிக்குக் கம்ப்ரஷன் போய்விட்டது என்று யாராவது சொன்னால், ஹெட்டைக் கழற்றச் சம்மதம் தரும் முன் நான்கு சிலிண்டரின் நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அளந்தபோது என்ஜின் சூடாக இருந்ததா, டேப்பெட் பார்த்தாயிற்றா, காற்று எந்தப் பக்கம் சீறியது என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். அவரே முதலில் கேட்டுக்கொண்ட கேள்விகள்தான் இவை. அந்தத் தாளில் தேதியும் கிலோமீட்டரும் குறித்து வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு அளக்கும்போது ஒப்பிட அது வேண்டும்.